பற்றும் வரவும்: கணக்குப்பதிவியலின் தொடக்க மாணவர் எதிர்கொள்ளும் இருசொற்களின் வரலாறு

தமிழ்வழியில் கணக்குப்பதிவியல் பயிலத் தொடங்கும் மாணவர் முதற் சில வாரங்களிலேயே மூன்று விதிகளை மனப்பாடம் செய்துவிடுகிறார். ஆள்சார் கணக்காயின் பெறுபவர் பற்று, தருபவர் வரவு. சொத்துக் கணக்காயின் உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு. பெயரளவுக் கணக்காயின் செலவும் நட்டமும் பற்று, வருமானமும் ஆதாயமும் வரவு. இவற்றுள் நடுவிலுள்ள விதி மொழியறிந்தார் எவரையும் ஒரு கணம் நிறுத்த வேண்டியது. வருவது வரவு அன்று, செல்வதே வரவு என்கிறது அது. வீட்டில் வரவு செலவு என்னும் இணைமொழியைக் கேட்டு வளர்ந்த பதினாறு வயது மாணவர், தாம் அறிந்த சொல் தலைகீழாகத் திருப்பப்பட்டிருப்பதை இங்குத்தான் முதன்முதலாகக் காண்கிறார். ஏன் என்று கேட்பவர் சிலர். பலர் கேட்பதில்லை. விதியை விதியாகவே ஏற்று, பொருளை வகுப்பறை வாயிலில் விட்டுவிட்டு உள்ளே நுழைகின்றனர்.

இந்நிலைக்கு மாணவரின் சோம்பலையோ ஆசிரியரின் அவசரத்தையோ காரணமாகக் கூறுவது எளிது. ஆயின் இதன் வேர் சொல்லின் வரலாற்றில் உள்ளது. ஒரு மொழியில் ஒரு நோக்குநிலையிலிருந்து பிறந்த சொற்கள், வேறொரு நோக்குநிலையில் அமைந்த முறைமைக்குப் பெயராகச் சென்றபோது நேர்ந்த விளைவே இது. தமிழில் மட்டும் நேர்ந்ததும் அன்று.

மாணவர் அணுகுமுறை பற்றிய ஆய்வுகள்

1976இல் சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெரென்ஸ் மார்ட்டன், ரோஜர் சால்யோ ஆகியோர் மாணவர்களிடம் ஓர் உரைப்பகுதியைப் படிக்கக் கொடுத்து, அதில் கூறப்பட்டிருப்பது என்ன என்று வினவினர். சிலர் உரையின் சொற்களையே நினைவில் இருத்த முயன்றிருந்தனர். சிலர் ஆசிரியர் சொல்லவந்த கருத்தைத் தேடியிருந்தனர். மேற்போக்கு அணுகுமுறை, ஆழ்ந்த அணுகுமுறை என்னும் பாகுபாடு இதிலிருந்து கல்வியியலில் நிலைபெற்றது. இவை மாணவரின் பிறவிக் குணங்கள் அல்ல என்பதும், ஒருவரே ஒரு பணியில் ஒன்றையும் மற்றொரு பணியில் மற்றொன்றையும் மேற்கொள்ளலாம் என்பதும் இப்பாகுபாட்டைக் கையாள்வோர் பலரும் மறந்துவிடும் செய்திகள்.

இந்நோக்கைத் தொடக்கநிலைக் கணக்கியலுக்குப் பொருத்தி ஆராய்ந்தவர்களுள் இங்கிலாந்தைச் சேர்ந்த உர்சுலா லூகாஸ் குறிப்பிடத்தக்கவர். 2000, 2001 ஆம் ஆண்டுகளில் வெளியான அவருடைய ஆய்வுகள் மாணவரோடு நிகழ்த்திய நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்டவை. சிலருக்குக் கணக்கியல் கடந்தாக வேண்டிய ஒரு தடை. வேறு சிலருக்கு அது தம் வாழ்வோடும் உலகோடும் தொடர்புடைய ஒன்று. ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தும் இவர்கள் வெவ்வேறு உலகங்களில் இருந்தனர். இலாபம், ரொக்கம், தேய்மானம் போன்ற கருத்துகளை மாணவர் தம் அன்றாட மொழியறிவைக் கொண்டே முதலில் பொருள்கொள்கின்றனர் என்பதும் இத்துறை ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. பொருளைத் தேடும் மாணவர் முதலில் நாடுவது சொல்லைத்தான். சொல்லே எதிர்த்திசையில் கைகாட்டினால், பொருளைத் தேடுவதைக் கைவிட்டு விதியைப் பற்றிக்கொள்வது அறிவுடைய செயலாகவே அவருக்குத் தோன்றும்.

வெனிசு நகரத்துப் பேரேடு

இரட்டைப் பதிவு முறையை விளக்கிய முதல் அச்சு நூல் 1494இல் வெனிசில் வெளிவந்தது. பிரான்சிசுகன் துறவியும் கணித ஆசிரியருமான லூக்கா பச்சோலி எழுதிய ‘சும்மா’ என்னும் பெருங்கணித நூலின் ஒரு பகுதியே அது. முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜெனோவா நகராட்சியின் 1340ஆம் ஆண்டுக் கணக்குகளிலேயே இம்முறை காணப்படுகிறது. பெனெதெத்தோ கொத்ருல்யி 1458இல் எழுதிய நூலிலும் இதுபற்றிய குறிப்பு உண்டு. அது அச்சேறியது 1573இல்தான். வெனிசு வணிகர் கைக்கொண்ட வழக்கத்தைக் கற்பிக்கத்தக்க ஒன்றாக எழுத்தில் ஒழுங்குபடுத்தியதே பச்சோலியின் பணி. அதனை அவர் இலத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார் என்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

அவர் நூலில் குறிப்பேட்டுப் பதிவு ‘பெர்’, ‘ஆ’ என்னும் இரு முன்னுருபுகளால் அமைகிறது. ‘பெர்’ கடன்பட்டவரையும் ‘ஆ’ கடன் கொடுத்தவரையும் காட்டும். பேரேட்டிலோ ஒவ்வொரு கணக்கும் ஒரு முழுவாக்கியம். இடப்பக்கத்தில் இன்னார் ‘தரக் கடவர்’, வலப்பக்கத்தில் இன்னார் ‘பெறக் கடவர்’ என எழுதப்பட்டது. இத்தாலியர் இன்றும் இரு பக்கங்களையும் தருதல், பெறுதல் எனப் பொருள்படும் ‘தாரே’, ‘அவேரே’ என்னும் வினைகளாலேயே குறிக்கின்றனர். செருமானியரின் ‘சோல்’, ‘ஹாபென்’, இசுப்பானியரின் ‘தேபே’, ‘அபேர்’ ஆகியனவும் இவ்வழி வந்தவையே. இலத்தீனில் ‘தெபெத்’ என்பது கடன்பட்டுள்ளார் எனவும் ‘கிரேதித்’ என்பது நம்புகிறார் எனவும் பொருள்தரும் படர்க்கை ஒருமை வினைமுற்றுகள்.

இவ்வினைகளுக்கெல்லாம் எழுவாய் யார் என்பதே உற்றுநோக்க வேண்டியது. ஏட்டின் தலைப்பில் பெயர் எழுதப்பட்டுள்ள ஆளே இரு பக்கத்துக்கும் எழுவாய். அவர் தரக் கடவர். அவரே பெறக் கடவர். இரு பக்கங்களும் ஒரே ஆளின் நோக்கிலிருந்து சொல்லப்பட்டவை.

ஆள்களின் கணக்குகளில் இடர்ப்பாடு இல்லை. ஆனால் இரட்டைப் பதிவு முறை ஆள்களோடு நிற்பதன்று. பணப்பெட்டிக்கும் ஒரு பக்கம், மிளகுக்கும் ஒரு பக்கம், இலாப நட்டத்துக்கும் ஒரு பக்கம் என அது விரிந்தது. பச்சோலி தம் மாணவருக்குச் சிறப்பாக விளக்க நேர்ந்த சொற்கள் ‘காசா’, ‘கப்பிதால்’ என்னும் இரண்டு. காசா என்பது உன் பணப்பை. கப்பிதால் என்பது உன் உடைமை அனைத்தும். முன்னது எப்போதும் கடன்பட்டதாகவே எழுதப்பட வேண்டும், பின்னது கடன் கொடுத்ததாக எழுதப்பட வேண்டும் என்கிறார் அவர். பணப்பெட்டி பணத்தைப் பெற்றுக்கொண்டது. ஆகவே அது ‘தரக் கடவது’. அஃறிணைப் பொருள் உயர்திணை வினையை ஏற்றது. இலக்கணத்தார் இதனைத் திணை வழுவமைதி எனக் கூறி அமைதி காண்பர். கணக்கு மாணவருக்கோ அத்தகைய அமைதி எதுவும் சொல்லப்படவில்லை.

விதிகளின் பெருக்கம்

இலண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பீல் 1553இல் வெளியிட்ட நூல், ஆளையும் பொருளையும் ஒருங்கே அடக்கும் பொதுவிதி ஒன்றைத் தந்தது. பெறப்பட்ட பொருளோ பெற்றவரோ, தரப்பட்ட பொருளுக்கோ தந்தவருக்கோ கடன்பட்டதாக எழுதுக என்பது அதன் கருத்து. நம் பாடநூல்களின் மூன்று விதிகளுள் முன்னிரண்டும் கருவாக இதில் உள்ளன. பீல் 1569இல் எழுதிய இரண்டாம் நூல் உரையாடல் வடிவில் அமைந்தது. மாணவர் ஐயம் எழுப்புவார் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட நூல் அது. நாடகாசிரியர் ஜார்ஜ் பீலின் தந்தை இவர் என்பதை இலக்கிய மாணவர் ஆர்வத்துடன் அறிவர்.

பின்வந்த பாடநூல்கள் இவ்வழியில் செல்லவில்லை. ஒவ்வொரு வகை நடவடிக்கைக்கும் ஒவ்வொரு விதி என விதிகள் பெருகின. எடின்பரோவில் 1736இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட ஜான் மெயரின் நூல் முதலாக, மனப்பாடமே பயிற்சியின் முதுகெலும்பாக இருந்தது. இங்கிலாந்தில் இரட்டைப் பதிவு எவ்வெவ்வாறு விளக்கப்பட்டது என்னும் வரலாற்றை ஜாக்சன் 1956இல் ஒரு நீண்ட கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். உயிரற்ற கணக்குகளை ஆள்களாக உருவகித்தலும் விதிகளை உருப்போடுதலும் எவ்வளவு நீண்ட காலம் பாடநூல்களை ஆண்டன என்பதை அதில் காணலாம்.

மாற்றுவழி கணிதத்திலிருந்து வந்தது. 1818இல் குரோன்ஹெல்ம், முழுமை தன் உறுப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்னும் சமன்மைக் கோட்பாட்டின்மேல் இரட்டைப் பதிவை நிறுவினார். அமெரிக்காவில் சார்லஸ் ஸ்பிரேக் 1880இல் கணக்குகளின் இயற்கணிதம் என்னும் தலைப்பிலும் 1908இல் கணக்குகளின் தத்துவம் என்னும் நூலிலும் இதனை வளர்த்தெடுத்தார். சொத்துகள், பொறுப்புகளும் முதலும் சேர்ந்த தொகைக்குச் சமம் என இன்று எல்லா நாடுகளிலும் கற்பிக்கப்படும் சமன்பாடு இம்மரபினது. ஸ்பிரேக் மொழியார்வலரும் ஆவார். வோலாபூக் என்னும் செயற்கைமொழிக்கு 1888இல் ஆங்கிலத்தில் கையேடு எழுதியவர் அவரே. சொற்களை அடிமுதல் புதிதாக ஆக்கிக்கொள்ள விரும்பிய ஒருவர், பழைய இலத்தீன் சொற்களிலிருந்து பொருளை வடித்தெடுத்து, டெபிட் என்றால் இடம், கிரெடிட் என்றால் வலம் என்னும் நிலைக்கு வழிசெய்த மரபில் நிற்பது தற்செயலாக இருக்கலாம்.

இலத்தீன் வேரை மறந்துவிட்ட ஆங்கில மாணவருக்கு இவ்வெறுமை பேரிழப்பன்று. ‘டெபிட்’ அவர் காதில் முன்பே பொருளற்ற ஒலி. மொழிபெயர்க்கப்படும்போதுதான் அது மீண்டும் உயிர்பெற்றுப் பேசத் தொடங்குகிறது.

கிழக்காசியாவில் ஒரு மொழிபெயர்ப்பு

ஜப்பானியச் சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சி, அமெரிக்க வணிகக் கல்லூரிகளை நடத்திய பிரையன்ட், ஸ்டிராட்டன் ஆகியோரின் பாடநூலை 1873, 1874 ஆம் ஆண்டுகளில் ‘சோவாய் நோ ஹோ’ என்னும் பெயரில் மொழிபெயர்த்தார். டெபிட்டுக்குக் கடன் வாங்குதலைக் குறிக்கும் சொல்லையும், கிரெடிட்டுக்குக் கடன் கொடுத்தலைக் குறிக்கும் சொல்லையும் அவர் ஆண்டார். மூலத்துக்கு மிக நெருக்கமான ஆக்கம் இது. ‘கரிகதா’, ‘கஷிகதா’ என இன்றும் இச்சொற்களே வழங்குகின்றன. இடர்ப்பாடும் மூலத்துக்கு நெருக்கமாகவே வந்துசேர்ந்தது. பிறருக்கு நாம் கடன் கொடுத்தால் அது ஏன் ‘வாங்கிய’ பக்கத்தில் எழுதப்படுகிறது என மாணவர் மயங்கினர். வாங்கியவர் நாமல்லர், தலைப்பிலுள்ளவர் என்னும் செய்தி சொல்லில் இல்லை.

அவர்கள் கண்ட வழி சுவையானது. ‘கரி’ என எழுதும்போது ‘ரி’ என்னும் எழுத்தின் வால் இடப்புறம் வளையும். ‘கஷி’ என எழுதும்போது ‘ஷி’ வலப்புறம் வளையும். எனவே முன்னது இடம், பின்னது வலம். சொல்லின் பொருளை முற்றாகத் துறந்து எழுத்தின் வடிவத்தைத் துணைக்கொண்ட இந்நினைவுக்குறி ஜப்பானிய வகுப்பறைகளில் இன்றும் வழங்குகிறது. மேற்போக்கு அணுகுமுறைக்கு இதனினும் தூய சான்று கிடைப்பது அரிது. அதே சமயம், பிழையின்றிப் பதிவெழுத இதனினும் நம்பத்தக்க வழியும் இல்லை.

சீனத்தில் இதே எழுத்துகள் வழங்கிவந்த நிலையில், 1960களில் அவற்றை நீக்கி ஏற்றம், இறக்கம் எனப் பொருள்படும் சொற்களாலான பதிவுமுறையொன்று வணிகத்துறையில் பரப்பப்பட்டது. 1993 சூலையில் நடைமுறைக்கு வந்த கணக்கியல் நெறிகள் மீண்டும் பழைய இணையையே கட்டாயமாக்கின.

நாள்வழியும் பேரேடும்

இந்திய வணிகரிடம் ஏட்டுக் கணக்கு முறை ஏற்கெனவே இருந்தது. வடநாட்டுப் பஹி-காத்தா முறையில் ‘ஜமா’ என்பது இடப்பக்கம், ‘நாம்’ என்பது வலப்பக்கம். ரொக்க ஏட்டில் வந்த பணம் ஜமா. தந்தவர் கணக்கிலும் அது ஜமாவாகவே ஏறும். இன்று இந்திவழிப் பாடநூல்களில் நாம் இடப்பக்கத்துக்கும் ஜமா வலப்பக்கத்துக்கும் பெயர்களாகியுள்ளன. சொற்கள் நிலைத்தன, பக்கங்கள் மாறின.

தமிழ் வணிகரிடம் நாள்வழி, பேரேடு, ஐந்தொகை ஆகியன வழக்கிலிருந்தன. பேரேடு என்பதைப் பெருமை, ஏடு எனப் பிரிப்பதே முறை. எனினும் ஆள்களின் பேர் எழுதிய ஏடு எனப் பொதுமக்கள் கொள்ளும் பொருளும் உண்மைக்கு வெகுதொலைவில் இல்லை. இவ்வேடுகளை எழுதக் கற்றவர் எவரும் விதி படித்துக் கற்கவில்லை. நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, அதன்பின் மேலாளாகும் வரை, கணக்கு என்பது கண்முன் நடப்பதை எழுதுவதாகவே இருந்தது.

பற்று, வரவு என்னும் சொற்களின் இயல்பான இடம் இத்தகைய கடையே. மளிகைக் கடைக்காரர் ஒருவர் தம் பேரேட்டில் முருகன் என்பவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியுள்ளார் எனக் கொள்வோம். முருகன் 300 ரூபாய்க்குப் பொருள் எடுத்துச் செல்கிறார்; பின் 200 ரூபாய் தருகிறார். முருகன் பற்று 300, முருகன் வரவு 200, பாக்கி 100. பேச்சுவழக்கில் ‘பத்து வரவு’ என ஒலிக்கும் இவ்விணையில் குழப்பம் எதுவும் இல்லை. முருகன் பற்றிக்கொண்டது பற்று. முருகனிடமிருந்து வந்தது வரவு. 200 ரூபாய் வந்த அன்று நாள்வழியிலும் அது வரவுதான், முருகன் பக்கத்திலும் அது வரவுதான். ஒரு சொல் ஒரு திசையிலேயே நின்றது.

ஆயின் இத்தாலிய இணைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. பற்று என்பதன் எழுவாய் முருகன். வரவு என்பதோ முருகனின் செயலைச் சொல்லவில்லை. பணத்தின் இயக்கத்தைச் சொல்கிறது. மேலும், தமிழில் ‘வா’ என்னும் வினை பேசுவோன் இருக்குமிடம் நோக்கிய இயக்கத்தைக் குறிக்கும். செலவினும் வரவினும் என வினைகளை இடத்தோடும் தன்மை முன்னிலை படர்க்கையோடும் இணைத்து வரையறுத்தது தொல்காப்பிய மரபு. வரவு என்று எழுதப்பட்ட கணத்தில் பேசுவோன் யார் என்பதும் எழுதப்பட்டுவிடுகிறது. பேசுவோன் கடைக்காரர். முருகனின் பக்கத்திலும் குரல் கடைக்காரருடையதே.

இச்சுட்டுமையம் நாள்வழி முறையில் ஒருபோதும் இடம்பெயரவில்லை; ஏனெனில் அங்கே பணப்பெட்டிக்கு முருகனைப் போன்ற தனிப்பக்கம் தேவைப்படவில்லை. நாள்வழியே பணத்தின் கணக்கு. கடைக்காரர் பணப்பெட்டியோடு ஒன்றி அமர்ந்திருந்தார்.

ஆங்கிலவழி வணிகக் கல்வி வந்தபின் நிலைமை மாறியது. சென்னையில் 1886இல் பச்சையப்பன் அறநிலையத்தார் தொடங்கிய வணிகவியல் பள்ளி இந்தியாவில் இவ்வகையில் முதலாவதெனக் கருதப்படுகிறது. பம்பாயில் சிடென்ஹாம் கல்லூரி 1913இல் தோன்றியது. இங்கெல்லாம் கற்பிக்கப்பட்டது வெனிசு வழி வந்த முறை. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபின் கணக்குப்பதிவியல் தமிழ்வழியில் பெருந்தொகையான மாணவரைச் சென்றடைந்தது. டெபிட்டுக்குப் பற்று, கிரெடிட்டுக்கு வரவு என்னும் தேர்வு முருகனின் பக்கத்தைப் பார்த்தால் குறையற்றது. கலைச்சொல்லாக்கத்தில் வழக்குச்சொல்லை நாடுக என்னும் நெறிக்கும் அது முற்றும் இயைந்தது. ஆனால் வெனிசு முறையில் பணப்பெட்டியும் ஓர் ஆள்.

பணப்பெட்டிக்குத் தனிப்பக்கம் திறந்தவுடன், கடைக்காரர் பெட்டியை விட்டு எழுந்து வெளியே நிற்க வேண்டியவராகிறார். 200 ரூபாய் பெட்டிக்குள் செல்கிறது. பெட்டி அதனைப் பற்றிக்கொண்டது, எனவே பற்று. பெட்டியிலிருந்து 50 ரூபாய் எடுக்கப்படுகிறது. பெட்டிக்கு வெளியே நிற்கும் கடைக்காரரின் கைக்கு அது வருகிறது, எனவே வரவு. முருகனிடமிருந்து வந்ததைப் போலவே பெட்டியிடமிருந்து வந்தது. இவ்வாறு நோக்கின், செல்வதை வரவு என்னும் விதியில் முரண் இல்லை. வெளியே செல்வது என்னும் தொடர் பெட்டியை மையமாகக் கொண்டது. வரவு என்னும் சொல் கடைக்காரரை மையமாகக் கொண்டது. ஒரே வாக்கியத்தில் இரண்டு மையங்கள். விதியைச் சுருக்கி எழுதியவர்கள் இரண்டாம் மையத்தைக் காட்டாமல் விட்டனர். வாக்கியத்தில் நடுவண் நிற்கும் மாணவர் தாம் எங்கே நிற்கிறோம் என அறியாமல் தவிக்கிறார்.

இதே சொற்கள் பெயரளவுக் கணக்குகளில் மாணவருக்கு உதவியாகவே உள்ளன. வருமானம் வரவு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. செலவு பற்று என்பதும் கடைப்பற்றை அறிந்தவருக்கு அயலன்று. மூன்று விதிகளுள் இரண்டில் சொல் துணைசெய்து ஒன்றில் மட்டும் எதிர்ப்பதால், அவ்வொன்றைப் புறனடையாக எண்ணி உருப்போடும் பழக்கம் எளிதில் வேரூன்றுகிறது. அவ்வொன்றோ ரொக்கம் பற்றியது. ஏறத்தாழ ஒவ்வொரு பயிற்சிக் கணக்கிலும் வருவது.

கடல் கடந்த வழக்கு

இலங்கைத் தமிழர் இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டுள்ளனர். அங்குக் கணக்கீடு எனப்படும் இப்பாடத்தில் டெபிட் என்பது வரவு. கிரெடிட் என்பது செலவு. தமிழ்நாட்டு நூலில் கிரெடிட்டைக் குறிக்கும் அதே சொல் அங்கு டெபிட்டைக் குறிக்கிறது. ஒரு மொழியின் இரு கலைச்சொல் மரபுகள் ஒரே சொல்லை நேர் எதிர்ப்பொருளில் ஆள்வதற்கு இதைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இத்தேர்வு பிழையானதன்று. சுட்டுமையம் அங்கு ஒவ்வொரு கணக்கின் உள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. பெட்டிக்கு வந்தது பெட்டியின் வரவு. முருகனுக்குச் சென்ற பொருள் முருகனின் வரவு. ரொக்கம் பற்றிய விதி பளிங்குபோல் தெளிவாகிவிடுகிறது. ஆனால் சம்பளம் கொடுத்தால் சம்பளக் கணக்கில் ‘வரவு’ வைக்க வேண்டும். விற்பனை வருமானத்தை விற்பனைக் கணக்கில் ‘செலவு’ வைக்க வேண்டும். தமிழ்நாட்டு மாணவர் தடுமாறும் இடத்தில் இலங்கை மாணவர் நேரே நடக்கிறார். முன்னவர் நேரே நடக்குமிடத்தில் பின்னவர் தடுமாறுகிறார். இருள் நீங்கவில்லை, வேறோர் அறைக்குச் சென்றது. எனினும் பெறத்தக்க தொகைக்கு ‘வருமதி’, கொடுபடத்தக்கதற்குச் ‘சென்மதி’ என இலங்கையார் ஆளும் சொற்கள் நிறுவனத்தை மையமாக உறுதிப்படுத்தி அமைந்தவை. தமிழ்நாட்டு வழக்கில் இவற்றுக்கு நிகரான சுருக்கமும் தெளிவும் உடைய இணை இல்லை. ஐந்தொகை என்னும் பழஞ்சொல்லை நிதிநிலை அறிக்கையின் பெயராக நெடுங்காலம் காத்துவந்ததும் இலங்கையே. தமிழ்நாடு அதனைக் கைவிட்டு இருப்புநிலைக் குறிப்பு என்னும் ஆக்கச்சொல்லை மேற்கொண்டது.

மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வேறுபாடு வட்டார வழக்குச் சுவை மட்டுமன்று. ஒரு கரையின் நூலை மறுகரைக்கு மாற்றுபவர் வரவு என்னும் சொல்லைத் தொடாமல் விட்டால் ஒவ்வொரு பதிவும் தலைகீழாகும். பிழை கண்ணுக்கும் தெரியாது. எல்லாப் பதிவுகளும் ஒருங்கே தலைகீழானால் இருப்பாய்வின் இரு பக்கங்களும் அப்போதும் சமமாகவே நிற்கும். இரு மரபுகளின் உரைகளையும் வேறுபாடின்றிச் சேர்த்துத் தொகுக்கும் சொற்கோவைகளிலும் கணினி மொழிபெயர்ப்புத் தரவுகளிலும் இவ்விடர் இன்னும் மிகும்.

வகுப்பறையில்

சொல்லை மாற்றிவிடலாம் என எண்ணத் தோன்றும். இடம், வலம் என்றே வழங்கலாம் என்பாரும் உளர். சமன்பாட்டு வழியில் கற்பிக்குமிடத்து அது இயலும். ஆனால் பல தலைமுறை மாணவரும் வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆண்டுவரும் சொல்லை மாற்றுவது புதிய குழப்பத்துக்கே வழிவகுக்கும். சீனத்து அனுபவம் இதற்குச் சான்று. சொல்லை வைத்துக்கொண்டு, அது யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதை முதல் வகுப்பிலேயே காட்டுவது எளிது. நான்காம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் அறிந்த மாணவருக்கு ‘பெட்டியிலிருந்து வரவு’, ‘முருகனிடமிருந்து வரவு’ என்னும் தொடர்களில் மறைந்துள்ள உருபை விரித்துக்காட்டினால் போதும். மூன்று விதிகளும் ஒரே விதியின் வேறு வடிவங்கள் என்பதை அவரே காணக்கூடும்.

இதே கவனம் வேறு சில சொற்களுக்கும் வேண்டும். தேய்மானம் என்றதும் மாணவர் கண்முன் தேய்ந்த செருப்பே தோன்றுகிறது. சொத்தின் அடக்கவிலையை அது பயன்தரும் ஆண்டுகளுக்குப் பகிர்ந்தளித்தலே அது என்பது தோன்றுவதில்லை. ஐயக்கடனுக்கான ஒதுக்கு என்றால் எங்கோ பணம் தனியே எடுத்து வைக்கப்பட்டுள்ளது எனக் கருதுவோர் பட்டப்படிப்பிலும் உளர். ஆங்கிலவழி மாணவருக்கும் இம்மயக்கங்கள் உண்டு. சொல் தெளிவாக இருப்பதாலேயே தமிழ்வழி மாணவர் ஐயுறாமல் இருந்துவிடுகிறார் என்பதுதான் வேறுபாடு.

மேல்நிலைப் பாடத்திட்டத்தில் மாணவர் பெரிதும் அஞ்சும் பகுதிகளுள் ஒன்று வங்கிச் சரிகட்டும் பட்டியல். நிறுவனத்தின் ரொக்க ஏட்டில் வங்கி இருப்புப் பற்று இருப்பாக இருக்கும்; அதே தொகை வங்கி தரும் செல்லேட்டில் வரவு இருப்பாக இருக்கும். இது மற்றுமொரு விதிவிலக்கு என்றே பலரும் உருப்போடுகின்றனர். ஆனால் வரவு என்னும் சொல்லை மாணவர் வாழ்க்கையில் முதன்முதலாக அதிகாரபூர்வமாகப் படித்திருப்பது பெரும்பாலும் செல்லேட்டிலோ, கல்வி உதவித்தொகை கணக்கில் வரவு வைக்கப்பட்டதாகத் தெரிவிக்கும் செய்தியிலோதான். அச்செய்தியை எழுதியது வங்கி. பணம் வந்தது வங்கிக்கு. முருகன் பெயர் இருந்த இடத்தில், ஏட்டின் தலைப்பில், அன்று மாணவரின் பெயரே இருந்தது.